காத்திருக்கும் எதிரி

சண்டையில் யோசிக்க நேரம் உண்டா? கதையில் விலகிப்போக வழி உண்டா? வீடியோ விளையாட்டு ரசிகர்களிடையே பல காலமாக நடக்கும் இந்த வழக்கில் சம்பந்தப்பட்டிருப்பது பொழுதுபோக்கு மட்டும் அல்ல.

எதிரே நிற்கும் அரக்கனுக்கு ஆறு கைகள். ஆறிலும் ஆயுதம். ஒரு வாள் தலைக்கு மேல் ஓங்கியிருக்கிறது. ஆனால் அது இறங்குவதில்லை. ஆட்டக்காரர் எழுந்துபோய்க் காபி கலந்து குடித்துவிட்டு வரலாம். தொலைபேசி அடித்தால் பேசிவிட்டு வரலாம். குழந்தையைத் தூங்கவைத்துவிட்டும் வரலாம். 'தாக்கு', 'மந்திரம்', 'மருந்து', 'ஓடு' என்று திரையின் மூலையில் தெரியும் சில சொற்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்த பிறகுதான் சண்டை ஓர் அடி நகரும். அதுவரை அரக்கன் நின்ற இடத்திலேயே நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருப்பான்.

இப்படியும் ஒரு சண்டையா என்று சிரிப்பவர்கள் ஏராளம். ரேஷன் கடை க்யூ மாதிரி வரிசையில் நின்று அடி கொடுத்து, அடி வாங்குவது அவர்களுக்கு அபத்தமாகப் படுகிறது. எதிரி ஓங்கினால் விலக வேண்டும், இடைவெளி கிடைத்தால் வெட்ட வேண்டும், விரல் தாமதித்தால் சாக வேண்டும் என்பது அவர்கள் கட்சி. யோசிக்க அவகாசம் இருந்தால்தான் அது விளையாட்டு, இல்லாவிட்டால் விரலுக்குத் தேகப்பயிற்சி என்பது எதிர்க்கட்சி. ஒரு கதாபாத்திரத்தை ஏற்று ஆடும் விளையாட்டுகளை ஆர்.பி.ஜி. என்று சுருக்கமாக அழைக்கிறார்கள். அவற்றின் ரசிகர்கள் இந்த இரண்டு கட்சிகளாகப் பிரிந்து பல காலமாகிவிட்டது. முறைவைத்து ஆடுவதா, ரியல்-டைமில் ஆடுவதா என்பதுதான் வழக்கு.

இதோடு ஒட்டிக்கொண்டு இன்னொரு வழக்கும் நடக்கிறது. கதை ஒரே பாதையில் போக வேண்டுமா, ஆட்டக்காரர் இஷ்டப்படி கிளை பிரிய வேண்டுமா? முதல் வழக்கு நேரம் பற்றியது. இரண்டாவது இடம் பற்றியது. இரண்டிலும் கேள்வி ஒன்றுதான்: பொத்தானைக் கையில் வைத்திருப்பவருக்கு உண்மையில் எவ்வளவு சுதந்திரம் கொடுக்கப்படுகிறது?

யோசிக்க அவகாசம் தரும் சண்டை அப்படியொன்றும் அன்னியமான சங்கதி அல்ல. குருட்சேத்திரத்தில் சங்கு ஊதியாகிவிட்டது. அர்ஜுனனுக்குச் சந்தேகம் வருகிறது. கீதையின் 18 அத்தியாயங்களும் முடியும்வரை இரு தரப்புச் சேனைகளும் கைகட்டி நின்றன. ஆயுதம் இழந்து நின்ற இராவணனை ஊருக்குத் திருப்பி அனுப்பி, மறுநாள் வரச் சொன்ன இராமனும் முறை தவறாதவன்தான். விளையாட்டில் வேண்டுமானால் கிரிக்கெட்டைப் பார்க்கலாம். பந்து வீச்சாளர் நடந்து திரும்பிப் போகும் நேரத்தில் மட்டையாளர் ஃபீல்டிங்கை எண்ணிப் பார்க்கிறார். ஹாக்கியில் அந்தச் சலுகை கிடையாது. கிரிக்கெட்டை யாரும் போலி விளையாட்டு என்று தள்ளிவிடவில்லை.

கம்ப்யூட்டருக்கு இந்தப் பழக்கம் மேஜையிலிருந்து வந்தது. 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெஸனும் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற விளையாட்டை வெளியிட்டார்கள். நாலைந்து பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்துகொள்வார்கள். ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் வீரனாகவோ மந்திரவாதியாகவோ திருடனாகவோ மாறி, தங்கள் முறை வரும்போது என்ன செய்யப்போகிறார்கள் என்று சொல்லிப் பகடை உருட்டுவார்கள். பேசுவதற்கு ஒவ்வொருவருக்கும் நேரம் வேண்டும். முறைவைத்து ஆடாமல் அதை ஆடவே முடியாது. 1981இல் வந்த 'விஸர்ட்ரி', 'அல்டிமா' ஆகிய கம்ப்யூட்டர் விளையாட்டுகள் இந்தப் பகடையைத் திரைக்குக் கொண்டுபோயின.

அந்த இரண்டிலும் மனதைப் பறிகொடுத்த ஜப்பானியர்களில் யுஜி ஹோரி ஒருவர். பத்திரிகைகளுக்கு எழுதிக்கொண்டிருந்தவர். அமெரிக்க விளையாட்டுகள் விஷயம் தெரிந்தவர்களுக்கானவை. விதிகளும் எண்களும் மிரட்டும். ஹோரி அவற்றைச் சாதாரண வீட்டுக் கூடத்துக்குக் கொண்டுவர நினைத்தார். 1986 மே மாதம் ஃபாமிகாம் கருவிக்காக எனிக்ஸ் நிறுவனம் வெளியிட்ட 'டிராகன் குவெஸ்ட்' அதன் விளைவு. அந்த கேஸட் முழுவதுமே 64 கிலோபைட்தான். இன்று ஒரு சாதாரணப் புகைப்படத்துக்கே அதைப்போலப் பல மடங்கு இடம் தேவைப்படுகிறது. அதற்குள் ஓர் அரசன், ஓர் இளவரசி, ஊர்கள், குகைகள், ஒரு வில்லன், சண்டைகள் எல்லாம் அடங்க வேண்டும். ஃபாமிகாமின் கட்டுப்பாட்டுக் கருவியில் பொத்தான்களும் கொஞ்சம்தான். சொற்களைப் பட்டியலிட்டு ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது சிக்கனமான வழி.

ஆனால் சிக்கனம் மட்டும் காரணம் அல்ல. அந்தக் காலத்து ஆக்ஷன் விளையாட்டுகளில் ஜெயிப்பதற்குத் திறமை வேண்டும். அந்தத் திறமை ஆட்டக்காரரின் விரலில் இருக்க வேண்டும். 'டிராகன் குவெஸ்ட்'டில் திறமை சேர்வது கதாநாயகனிடம். தோற்றால் இன்னும் நாலு சின்ன எதிரிகளை அடித்துப் பலம் சேர்த்துக்கொண்டு திரும்பி வரலாம். பொறுமை உள்ள யாரும் கடைசிவரை போய்விட முடியும். பள்ளி மாணவன் ஜெயித்த அதே அரக்கனை அவனுடைய தாத்தாவும் ஜெயிக்கலாம். முறைவைத்து ஆடும் சண்டை ஜப்பானில் தேசியப் பழக்கம்போல வேரூன்றியதற்கு இந்தச் சமத்துவம் முக்கியக் காரணம்.

அடுத்த ஆண்டே, 1987இல், ஸ்கொயர் நிறுவனத்தின் 'ஃபைனல் ஃபேன்டஸி' போட்டிக்கு வந்தது. அதிலும் ஆரம்பத்தில் இதே முறைதான். முதல் விரிசல் 1991இல் அதன் நாலாம் பாகத்தில் விழுந்தது. ஹிரோயுகி இட்டோ என்ற வடிவமைப்பாளர் ஃபார்முலா ஒன் கார் பந்தயம் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு யோசனை தோன்றியது. எல்லாக் கார்களும் ஒரே தடத்தில்தான் ஓடுகின்றன. ஆனால் ஒவ்வொன்றின் வேகமும் வேறு. வேகமானது மெதுவானதை முந்திப்போகிறது. சண்டையில் ஏன் எல்லோருக்கும் சம முறை தர வேண்டும்? வேகமானவனுக்குச் சீக்கிரம் முறை வரட்டும். ஆட்டக்காரர் யோசித்துக்கொண்டே இருந்தால் எதிரி ஏன் சும்மா இருக்க வேண்டும்? அவன் பாட்டுக்கு அடிக்கட்டும். ஏ.டி.பி. என்று பெயரிட்டு இந்த முறைக்கு ஸ்கொயர் பேட்டென்ட்டும் வாங்கியது.

முறையும் உண்டு, கடிகாரமும் உண்டு என்ற இந்த ஏற்பாடு ஒரு சமரசம். பின்னால் வந்த பாகங்களில் அமைப்புகள் பகுதிக்குப் போனால் இரண்டு தேர்வுகள் இருக்கும். ஒன்றில் எதிரி காத்திருக்க மாட்டான். மற்றதில், ஆட்டக்காரர் மந்திரப் பட்டியலையோ மருந்துப் பட்டியலையோ திறந்து படிக்கும் நேரத்தில் மட்டும் காத்திருப்பான். படிப்பதற்கு நேரம் கொடுக்க வேண்டும் என்று யாரோ ஒருவர் அந்த அலுவலகத்தில் வாதாடியிருக்க வேண்டும்.

அமெரிக்காவில் பிரிவினை இன்னும் வேகமாக நடந்தது. 'டயப்ளோ' விளையாட்டை டேவிட் பிரெவிக் முதலில் முறைவைத்து ஆடும் ஒன்றாகத்தான் உருவாக்கிக்கொண்டிருந்தார். ரியல்-டைமுக்கு மாற்றலாம் என்று சக ஊழியர்கள் நச்சரித்தார்கள். வாக்கெடுப்பு நடந்தது. பிரெவிக் தோற்றார். சரி, செய்து பார்ப்போம் என்று உட்கார்ந்தவர் சில மணி நேரத்தில் வேலையை முடித்துவிட்டார். திரையில் ஓர் எலும்புக்கூட்டின் மேல் எலியை அழுத்தினார். வீரன் நடந்துபோய் ஓங்கி அடித்தான். எலும்புக்கூடு நொறுங்கி விழுந்தது. அந்தக் கணத்தில் தனக்கு எல்லாம் புரிந்துவிட்டதாகப் பிரெவிக் 2016இல் விளையாட்டு வடிவமைப்பாளர்கள் மாநாட்டில் நினைவுகூர்ந்தார். அடித்த உடனே விழுகிற சந்தோஷத்துக்கு ஈடு இல்லை. ரியல்-டைம் கட்சியின் மொத்த வாதமும் அந்த எலும்புக்கூட்டில் இருக்கிறது. அதை அலட்சியப்படுத்துவது நியாயம் ஆகாது.

இரண்டாவது வழக்குக்கு வந்தால், அதன் மையத்தில் ஒரு பெண் இருக்கிறாள். 1997 ஜனவரியில் ஜப்பானில் வெளியான 'ஃபைனல் ஃபேன்டஸி 7' மூன்று சி.டி.க்கள் கொண்டது. முதல் சி.டி.யின் முடிவில், பூ விற்கும் பெண்ணாக அறிமுகமாகும் ஏரித், கண் மூடிப் பிரார்த்தனையில் உட்கார்ந்திருக்கும்போது வில்லனின் நீண்ட வாள் மேலிருந்து இறங்கி அவளைக் கொல்கிறது. ஆட்டக்காரர் அதுவரை எத்தனை மணி நேரம் உழைத்து அவளுக்குப் பலம் சேர்த்திருந்தாலும் பயன் இல்லை. எந்தப் பொத்தானை அழுத்தியும் தடுக்க முடியாது.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. இதே விளையாட்டில் சண்டையில் யாராவது விழுந்தால் பீனிக்ஸ் பறவையின் இறகு ஒன்றைப் போட்டு எழுப்பிவிடலாம். கடையில் 300 காசுக்குக் கிடைக்கும். பையில் பத்து இருபது இறகுகள் இருக்கும்போது ஏரித் மட்டும் ஏன் எழவில்லை? ரசிகர்கள் இன்றுவரை கேட்கும் கேள்வி இது. அவளை எப்படியாவது பிழைக்கவைக்க ரகசிய வழி ஒன்று இருப்பதாக வருஷக்கணக்கில் வதந்தி உலவியது. விளையாட்டை மறுபடி மறுபடி ஆரம்பத்திலிருந்து ஆடித் தேடினார்கள். ரகசியம் எதுவும் இருக்கவில்லை. பாதை ஒன்றுதான்.

கிளை பிரியும் கதையாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? கெட்டிக்கார ஆட்டக்காரர்கள் அவளைக் காப்பாற்றியிருப்பார்கள். மற்றவர்கள், எங்கே தப்புச் செய்தோம் என்று தேடிப் பழைய இடத்துக்குத் திரும்பிப்போயிருப்பார்கள். அவளுடைய சாவு ஒரு மதிப்பெண் குறைவாக ஆகியிருக்கும். ஒற்றைப் பாதையாக இருந்ததால்தான் அது சாவாக இருந்தது. டோக்கியோவிலும் டெக்ஸஸிலும் இருந்த முன்பின் அறியாத பிள்ளைகள் ஒரே இடத்தில் ஒரே துக்கத்தை அனுபவித்தார்கள். நாவல் வாசகர்களுக்குப் புதிதல்ல இது. பக்கத்தைத் திருப்பும் சுதந்திரம் மட்டுமே கொடுத்துவிட்டு வாசகரை அழவைக்கும் கலை அது. வாசகர் யாரும் தன்னைக் கைதி என்று நினைப்பதில்லை.

அப்படியானால் ஒற்றைப் பாதை எப்போது கதையாக இருக்கிறது, எப்போது சிறையாகிறது? இதற்குப் பதில் தேட 'ஃபைனல் ஃபேன்டஸி' வரிசையிலேயே இரண்டு பாகங்களை அருகருகே வைத்துப் பார்க்கலாம். 2001இல் வந்த பத்தாம் பாகம். 2009இல் வந்த 13ஆம் பாகம். முதலாவதில் கதைக்காட்சிகளைக் கவனித்த இயக்குநர்களில் ஒருவரான மோட்டோமு டோரியாமாதான் இரண்டாவதின் இயக்குநர். இரண்டுமே ஏறக்குறைய ஒரே சாலையில் நடத்திச் செல்பவை. முதலாவதை ரசிகர்கள் கொண்டாடுகிறார்கள். இரண்டாவதைத் 'தாழ்வாரம்' என்று இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

பத்தாம் பாகம் ஒரு யாத்திரை. ஸ்பைரா என்ற தீவு நாட்டை ஸின் என்ற ராட்சத உருவம் வந்து வந்து அழித்துவிட்டுப் போகிறது. யூனா என்ற இளம் பெண் தெற்கே இருக்கும் தன் சின்ன ஊரிலிருந்து புறப்பட்டு, வழியில் இருக்கும் கோயில்களில் எல்லாம் வேண்டிக்கொண்டு, வடகோடியில் இருக்கும் ஸனார்கண்டின் இடிபாடுகளுக்குப் போக வேண்டும். அங்கே கிடைக்கும் சக்தியால் ஸின்னை அழிக்கலாம். துணைக்கு வருபவர்களில் டீடஸ் என்ற இளைஞன் மட்டும் வெளியூர்க்காரன். எல்லாம் முடிந்த பிறகு யூனாவுடன் எங்கெங்கே போகலாம் என்று வழிநெடுக உற்சாகமாகத் திட்டம் போடுகிறான். மற்றவர்கள் பேச்சை மாற்றுகிறார்கள். பாதி தூரத்துக்கு மேல் வந்த பிறகுதான் அவனுக்குத் தெரிகிறது: ஸின்னை அழிப்பவர் அந்த முயற்சியிலேயே செத்துப்போவார். ஊரில் சின்னக் குழந்தைக்கும் தெரிந்த விஷயம் அவனுக்கு மட்டும் தெரியவில்லை. அவனோடு நடந்து வந்த ஆட்டக்காரருக்கும்தான்.

இந்தக் கதைக்கு ஒற்றைப் பாதையைத் தவிர வேறு எது பொருந்தும்? யாத்திரை போகிறவர் வழியைத் தேர்ந்தெடுப்பதில்லை. பல தலைமுறையாக முன்னோர் நடந்த தடத்தில் நடக்கிறார். முந்தைய பாகங்களில் இருந்த பரந்த உலக வரைபடத்தை இதில் எடுத்துவிட்டார்கள். கேள்வி கேட்காமல் எல்லோரும் ஒரே சாலையில் போகும் சமூகத்தை அந்தச் சாலையே காட்டிவிடுகிறது. ஆனால் ஸனார்கண்டில் திருப்பம். அந்தப் பலியால் ஸின் நிரந்தரமாக அழிவதில்லை, சிலகாலம் கழித்துத் திரும்பி வரும் என்று தெரிந்தபிறகு, யூனாவும் துணைவர்களும் மாட்டோம் என்று மறுக்கிறார்கள். அதற்குப் பிறகுதான் பறக்கும் கப்பல் ஆட்டக்காரரின் இஷ்டத்துக்குக் கிடைக்கிறது. விரும்பிய ஊருக்குப் போகலாம். சம்பிரதாயத்தை மறுத்த பிறகுதான் உலகம் திறக்கிறது. ஒற்றைப் பாதையை வைத்தே சுதந்திரத்தைப் பற்றிப் பேசிவிட்டார்கள்.

சண்டையிலும் அப்படித்தான். இட்டோவின் கடிகாரத்தை இந்தப் பாகத்தில் கழற்றி வைத்துவிட்டார்கள். திரையின் ஓரத்தில் அடுத்து யார் முறை, அதற்கடுத்து யார் முறை என்று பட்டியல் தெரியும். எதிரி முழுக்கக் காத்திருப்பான். களத்தில் மூன்று பேர்தான். மற்றவர்களைச் சண்டையின் நடுவிலேயே உள்ளே அழைக்கலாம். பறக்கும் எதிரிக்குப் பந்து வீசும் வாக்கா. ஓட்டுக் கவசம் போட்டதற்கு அவ்ரனின் கனத்த வாள். ஆயுதம் பாயாத குழம்பு உருவங்களுக்கு லூலுவின் மந்திரம். ஒரு மந்திரம் போட்டால் பட்டியலில் எதிரியின் பெயர் கீழே இறங்குவது கண்ணுக்குத் தெரியும். சாலை ஒன்றுதான். ஆனால் அந்தச் சாலையில் ஒவ்வொரு சண்டையும் ஆட்டக்காரர் எடுத்த முடிவு.

13ஆம் பாகத்திலும் விதியின் கதைதான். லைட்னிங் என்ற முன்னாள் சிப்பாயும் இன்னும் சிலரும் தெய்வம் போன்ற ஒரு சக்தியால் முத்திரை குத்தப்படுகிறார்கள். இட்ட வேலையை முடித்தால் பளிங்காக உறைவார்கள். முடிக்காவிட்டால் பிசாசாக மாறுவார்கள். என்ன வேலை என்றுகூடத் தெளிவாகச் சொல்லப்படுவதில்லை. அரசாங்கம் துரத்துகிறது. ஓடுகிறவர்களுக்கு நேர்ப்பாதை என்பது தர்க்கப்படி சரி. அருமையான படங்கள், இசை எல்லாம் உண்டு. இருந்தும் சலிப்புத் தட்டியது ஏன்?

காரணம் நடையில் இருக்கிறது. பத்தாம் பாகத்தின் சாலையில் ஊர்கள் உண்டு. வழியில் எதிர்ப்படும் கிழவியிடம் பேசலாம், கடைக்காரரிடம் பேரம் பேசலாம், சத்திரத்தில் தங்கலாம், போன வழியே திரும்பியும் நடக்கலாம். 13இல் இளைப்பாற ஊர் இல்லை. கடை என்பது ஆட்டத்தைச் சேமிக்கும் இயந்திரத்தோடு ஒட்டிய ஒரு பட்டியல். மொத்தம் 13 அத்தியாயங்களில் 11ஆவது அத்தியாயத்தில்தான் பரந்த சமவெளி ஒன்று வருகிறது. அதற்குள் 20 மணி நேரத்துக்கு மேல் ஓடிவிடும். சண்டையில் கடிகாரம் திரும்பிவிட்டது. ஆட்டக்காரர் தலைவரை மட்டுமே இயக்கலாம். கூட்டாளிகள் தாங்களாகவே சண்டை போட்டுக்கொள்வார்கள். தலைவருக்கும் எதை அடிப்பது என்று இயந்திரமே தேர்ந்தெடுத்துக் கொடுக்கும் பொத்தான் உண்டு. எந்த நேரத்தில் எந்த வியூகம் என்று மாற்றும் வேலை மட்டும் மிஞ்சுகிறது. அதில் நுட்பம் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் இடத்தின் சுதந்திரமும் இல்லை, நேரத்தின் சுதந்திரமும் இல்லை என்றால் ஆட்டக்காரர் பயணியாகிவிடுகிறார். ஒன்றை எடுத்துக்கொண்டால் இன்னொன்றைக் கொடுக்க வேண்டும். இரண்டு வழக்குகளும் ஒரே வழக்கு என்பதற்கு இதைவிடச் சாட்சி தேவையில்லை.

அதன்பிறகு காற்று ஒரே பக்கமாக வீசுவதுபோலத் தோன்றியது. 2016இல் வந்த 15ஆம் பாகம் ரியல்-டைம். 2023 ஜூனில் வந்த 16ஆம் பாகம் முழு ஆக்ஷன். அதன் தயாரிப்பாளர் நவோகி யோஷிடா பேட்டிகளில் காரணத்தை மறைக்கவில்லை. முறைவைத்து ஆடும் விளையாட்டுகளோடு வளர்ந்தவர்தான் அவரும். ஆனால் படங்கள் நிஜம்போல ஆகிவிட்டபிறகு மனிதர்கள் வரிசையில் நின்று முறைக்குக் காத்திருப்பது பொருந்தவில்லை என்றும், பொத்தானை அழுத்தினால் உடனே துப்பாக்கி வெடிக்கும் விளையாட்டுகளில் வளர்ந்த இளைஞர்களுக்குப் பட்டியலைப் பார்த்துக் கட்டளை கொடுப்பதன் ருசி புரிவதில்லை என்றும் அவர் விளக்கம் தந்தார். வியாபாரி சொல்வது சரியாகவே இருக்கலாம். ஆனால் கணக்கில் வராத சிலர் இருக்கிறார்கள்.

நாற்பதைத் தாண்டியவர்கள் அவர்களில் ஒரு வகை. 1986இல் பத்து வயதாக இருந்தவர் இன்று தலை நரைத்தவர். கண் சொல்வதை விரல் கேட்கச் சற்று நேரமாகிறது. பக்கவாதத்தில் ஒரு கை தளர்ந்தவர், நடுக்கம் உள்ளவர், ஒரு பொத்தானை மட்டுமே அழுத்த முடிகிறவர் இன்னொரு வகை. புத்தி தீட்டிய கத்தியாக இருக்கும், கைதான் வராது. வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்பவருக்கு எந்த நிமிடமும் எழுந்து போக வேண்டியிருக்கும். தனக்கு அன்னியமான மொழியில் ஆடுகிறவர் ஒவ்வொரு வரியையும் நின்று படிக்க வேண்டியவர். இவர்கள் எல்லோருக்கும் காத்திருக்கும் எதிரி என்பது பழைய காலத்து அசட்டுத்தனம் அல்ல. உள்ளே வருவதற்கான வாசல்படி. முறைவைத்து ஆடும் சண்டையில் எதிரி சுலபமாக இருக்க வேண்டும் என்று இவர்கள் கேட்பதில்லை. யோசனையில் தோற்றால் தோற்றதுதான். விரலில் தோற்க வேண்டாம் என்பதுதான் கோரிக்கை.

யோஷிடாவின் குழு இவர்களை முற்றிலும் மறக்கவும் இல்லை. 16ஆம் பாகத்தில் சில மோதிரங்கள் தருகிறார்கள். ஒன்றை அணிந்தால் எதிரி அடிக்கும் கணத்தில் காலம் மெதுவாகி, விலகுவதற்கு அவகாசம் கிடைக்கும். இன்னொன்று தானாகவே விலகவைக்கும். 2020இல் 'ஃபைனல் ஃபேன்டஸி 7' புதிதாக எடுக்கப்பட்டபோது 'கிளாசிக்' என்ற ஒரு தேர்வு வைத்தார்கள். ஓடுவது, தடுப்பது எல்லாம் பாத்திரங்கள் பார்த்துக்கொள்ளும். கட்டளை மட்டும் ஆட்டக்காரர் கொடுத்தால் போதும். முன்வாசல் வழியாக வெளியே போன முறைச் சண்டை பின்வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறது.

பிறகு முன்வாசலுக்கே திரும்பிவிட்டது. ஜப்பானில் செகா நிறுவனத்தின் 'யாகுசா' வரிசை தெருச்சண்டைக்குப் பேர் போனது, எல்லாம் ரியல்-டைம். 2019 ஏப்ரல் 1ஆம் தேதி, அடுத்த பாகம் முறைவைத்து ஆடுவது என்று ஒரு வீடியோ வெளியானது. எல்லோரும் முட்டாள்கள் தின வேடிக்கை என்று சிரித்தார்கள். 2020 ஜனவரியில் விளையாட்டு உண்மையிலேயே அப்படி வந்தது. கதாநாயகன் இச்சிபான் கசுகா செய்யாத குற்றத்துக்கு 18 வருஷம் சிறையில் இருந்துவிட்டு வெளியே வருகிறான். நாற்பதைத் தாண்டிவிட்ட அவனுக்கு வீடு இல்லை, வேலை இல்லை. சிறுவயதில் 'டிராகன் குவெஸ்ட்' ஆடியவன் என்பதால், தெருவில் வம்புக்கு வரும் ரௌடிகளை அவன் மனம் அரக்கர்களாகக் கற்பனை செய்துகொள்கிறது. முறைவைத்து ஆடும் சண்டைக்கு இவ்வளவு உருக்கமான காரணம் அதற்குமுன் யாரும் சொன்னதில்லை. உலகம் அவனுக்காக ஒரு நிமிடமும் காத்திருக்கவில்லை. அவன் கற்பனையில் மட்டும் காத்திருக்கிறது.

2023 ஆகஸ்டில் பெல்ஜியத்தின் லாரியன் நிறுவனம் 'பால்டுர்ஸ் கேட் 3' வெளியிட்டது. முந்தைய இரண்டு பாகங்களும் வேறு நிறுவனம் தயாரித்தவை. அவற்றில் சண்டை ரியல்-டைமில் ஓடும். வேண்டியபோது நிறுத்தி யோசிக்கலாம். லாரியன் மேஜை விளையாட்டின் பழைய பகடைக்கே திரும்பியது. கதையோ கணக்கற்ற கிளைகளாகப் பிரிகிறது. அந்த ஆண்டின் சிறந்த விளையாட்டு விருது அதற்குத்தான். 2025 ஏப்ரலில் பிரான்ஸின் மோன்பெலியே நகரத்தில் இருந்து வந்த 'கிளேர் ஆப்ஸ்கியூர்: எக்ஸ்பெடிஷன் 33' பழைய ஜப்பானிய முறைகளின் மேல் வெளிப்படையாகக் காதல் கொண்டது. ஆட்டக்காரர் தன் முறையில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் யோசிக்கலாம். எதிரியின் முறையில் சரியான கணத்தில் பொத்தானை அழுத்தி வாளைத் தடுக்கலாம். இரு கட்சிகளுக்கும் ஆளுக்குப் பாதி. அந்த ஆண்டு விருது அதற்குப் போனது. இளைஞர்களுக்கு முறைச் சண்டை புரியாது என்ற வாதம் இதற்குப்பின் கொஞ்சம் மெலிந்துவிட்டது.

ஆக, எது நல்லது என்ற கேள்விக்கே அர்த்தம் குறைவு. அடித்தவுடன் விழ வேண்டிய எலும்புக்கூடுகள் உண்டு. காத்திருக்க வேண்டிய அரக்கர்களும் உண்டு. பல கிளைகளாகப் பிரிந்தால் அழகு பெறும் கதை உண்டு. பிரிந்தால் பொய்யாகிவிடும் கதையும் உண்டு. தான் எதை எடுத்துக்கொள்கிறது, பதிலாக எதைக் கொடுக்கிறது என்று தெரிந்த விளையாட்டு தப்பிக்கிறது.

'ஃபைனல் ஃபேன்டஸி 7'இன் மறுஆக்கத்தில் இரண்டாம் பாகம் 2024 பிப்ரவரி 29ஆம் தேதி வந்தது. முதல் சி.டி.யின் முடிவில் 27 வருஷத்துக்கு முன் நின்ற அதே இடத்துக்கு அது வந்து சேர்கிறது. ஏரித் பிரார்த்தனை செய்கிறாள். வாள் இறங்குகிறது. இந்த முறை கதாநாயகன் கிளவுட் பாய்ந்து தன் வாளால் அதைத் தடுக்கிறான். ஒரு கணம், ரகசிய வழி தேடி அலைந்த அத்தனை பேரின் வேண்டுதலும் பலித்துவிட்டதாகவே தோன்றுகிறது. அடுத்த கணம் காட்சி நடுங்குகிறது, ரத்தம் தெரிகிறது. கூட்டாளிகள் அழுகிறார்கள். கிளவுட் மட்டும் அழவில்லை. அவள் பக்கத்திலேயே நிற்பதாக அவன் கண்ணுக்குத் தெரிகிறது. அவளோடு பேசவும் பேசுகிறான். மற்றவர்கள் அவனை எப்படித் தேற்றுவது என்று தெரியாமல் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.